உங்கள் பச்சையும் என் பச்சையும் ஒன்றா? வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் வழி

எங்கள் வீட்டில் பழைய போர்வை ஒன்று இருந்தது. அதை நான் பச்சை என்பேன். என் அக்கா நீலம் என்பார். எத்தனையோ ஆண்டுகள் இழுபட்ட அந்த வழக்கை ஒருநாள் மாலை முடித்துவைத்தோம். பச்சையில் தொடங்கிச் சிறிது சிறிதாக நீலத்துக்கு மாறும் பன்னிரண்டு காகிதத் துண்டுகளுக்கு வண்ணம் பூசி எண்ணிட்டு, போர்வையை ஜன்னலோரம் விரித்து, அதன் நிறத்தோடு மிகவும் பொருந்தும் துண்டு எதுவென்று ஒருவர் அறியாமல் மற்றவர் குறித்துவைத்தோம். இருவரும் குறித்திருந்தது ஏழாவது துண்டு. எங்கள் கண்களுக்கிடையே சண்டையே இல்லை என்பதும், பச்சை என்ற சொல்லை எங்கே நிறுத்தி நீலம் என்ற சொல்லை எங்கே தொடங்குவது என்பதில்தான் இத்தனை காலம் மல்லுக்கட்டியிருக்கிறோம் என்பதும் அப்போதுதான் விளங்கின.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: சொல் ஒன்றாக இருக்கும், கண் வேறாக இருக்கும். குழந்தைக்கு இலையைக் காட்டிப் பச்சை என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அதன் உள்ளே எது தோன்றினாலும் அந்தப் பெயரே அதற்கு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இன்னொருவரின் புலனைத் தம்முடையதோடு ஒப்பிட விரும்புகிறவர், “உனக்கு எப்படித் தெரிகிறது?” என்ற கேள்வியை முதலில் கைவிட வேண்டும். “இவை இரண்டும் உனக்கு ஒன்றா, வேறா?” என்று கேட்பதே பயன்தரும். கீழே வருவன யாவும் அந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு புலனிடமும் கேட்கும் முறைகளே.

அதன் வலிமையை வேதியியலாளர் ஜான் டால்டனின் வாழ்க்கையில் காணலாம். நிறங்களின் பெயரில் தமக்கு நேரும் குழப்பத்துக்கு, பெயர் வைத்தவர்களே காரணம் என்று அவர் இளமையில் எண்ணியிருந்தார். 1792இல் ஒரு ஜெரேனியம் மலர் பகலில் அவருக்கு வான்நீலமாகவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரிந்தது. மற்றவர்களுக்கு அது இரு வேளையிலும் ஏறத்தாழ ஒரே இளஞ்சிவப்பு. அவரைப் போலவே கண்டவர் அவருடைய சகோதரர் மட்டும்தான். ‘பகலுக்கும் இரவுக்கும் மாறுகிறதா, இல்லையா’ என்ற ஒப்பீடுதான் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. 1794இல் இதைப் பற்றி மான்செஸ்டரில் உரையாற்றிய அவர், தம் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்கலாம் என்று ஊகித்து, இறந்த பின் கண்ணைச் சோதிக்கும்படி கேட்டுக்கொண்டார். 1844இல் அவர் இறந்தபோது பார்த்தார்கள். திரவம் தெளிவாகவே இருந்தது. எஞ்சிய கண் திசுவின் டிஎன்ஏவை 1995இல் ஆராய்ந்தபோதுதான், நடுத்தர அலைநீள ஒளியை வாங்கும் நிறமிக்கான மரபணு அவரிடம் இல்லை என்பது தெரிந்தது.

முதலில் உங்களை உங்களோடு

இன்னொருவரை அழைப்பதற்கு முன் தனியாகச் செய்து பார்க்க வேண்டியவை சில உண்டு. பலர் இவற்றைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். அது தவறு என்பேன். ஒரே ஆளுக்குள்ளேயே இரண்டு சாட்சிகள் முரண்படுவதைக் கண்டவருக்குத்தான், அடுத்தவர் வேறாகச் சொல்லும்போது பொறுமையாகக் கேட்கும் மனம் வரும்.

பகல் வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் மாறி மாறிப் பாருங்கள். பலருக்கு ஒரு கண்ணில் சுவர் சற்றே மஞ்சளோடியும் மற்றொன்றில் சற்றே நீலமோடியும் தெரியும். கண்வில்லை வயதாக ஆக மஞ்சளாகிறது. இரு கண்ணிலும் அது ஒரே அளவில் நடக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்து எழுந்தவுடன் இதைச் செய்யாதீர்கள். தலையணைக்குள் புதைந்திருந்த கண் இருட்டுக்குப் பழகியிருக்கும். அதனால் எழும் வேறுபாடு சில நிமிடங்களில் மறைந்துவிடும். அந்த நேரம் கழிந்த பிறகும் நீடிப்பதே கணக்கில் கொள்ளத்தக்கது.

அடுத்து மூன்று கிண்ணங்களில் நீர் எடுங்கள்: ஒன்றில் குளிர்ந்த நீர், ஒன்றில் கை தாங்கும் சூட்டில் வெந்நீர், நடுவில் வைப்பதில் இரண்டும் கலந்தது. வலக்கையைக் குளிர்ந்த நீரிலும் இடக்கையை வெந்நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்து, இரண்டையும் ஒருசேர நடுக்கிண்ணத்தில் விடுங்கள். ஒரே நீர் வலக்கைக்குச் சூடாகவும் இடக்கைக்குக் குளிர்ச்சியாகவும் இருக்கும். இரண்டும் ஒரே நீரில்தான் இருக்கின்றன என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், அந்த அறிவு கைகளின் வழக்கைத் தீர்த்துவைப்பதில்லை. தோல் வெப்பநிலையை வெப்பமானியைப் போல அளப்பதில்லை. தான் இருந்த நிலையிலிருந்து எவ்வளவு மாறியது என்பதையே சொல்கிறது.

மூன்றாவதாக, வெள்ளைத்தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், அதிலிருந்து 8 செ.மீ. வலப்பக்கம் ஒரு கரும்புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் உற்றுப் பார்த்தபடி தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். கண்ணிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் கரும்புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் அந்த இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. எடம் மரியோட் என்ற பிரெஞ்சு அறிஞர் 1660களில் கண்டறிந்த ஓட்டை இது. புள்ளி மறைந்த இடத்தில் கறுப்பு எதுவும் தெரிவதில்லை, வெறும் வெள்ளைத்தாளே தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். இல்லாததை இல்லை என்று புலன் அறிவிப்பதில்லை, இட்டு நிரப்பிவிடுகிறது. பிறவியிலேயே மணம் அறியாதவர்கள் பலர் பதின்ம வயது வரை அதை உணராமலேயே இருந்துவிடுவதும் இந்த வகைதான்.

நிறத்தில் இருவர்

இனி ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். நிறத்தை ஒப்பிடும்போது இரண்டு பேர் இரண்டு செல்பேசிகளைப் பார்ப்பது வீண்வேலை; திரைக்குத் திரை நிறம் மாறும், இரவுப்பயன்முறை போட்டிருந்தால் எல்லாமே மஞ்சளாகும். காகிதமும் பகல் வெளிச்சமும் போதும். சாயல் சிறிது சிறிதாக மாறும் பன்னிரண்டு துண்டுகளின் பின்புறம் எண்ணிட்டு, கலைத்துப்போட்டு, வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். வரிசை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் மீண்டும் தடுமாறுகிறதா என்று இன்னும் இரு முறை பாருங்கள். ஒருமுறை பிசகுவது கவனக்குறைவாக இருக்கலாம். மூன்று முறையும் அதே இடத்தில் பிசகுவது கண்ணின் வேலை. மருத்துவத்திலும் தொழிற்சாலைகளிலும் பயன்படும் ஃபார்ன்ஸ்வொர்த்-மன்செல் சோதனையும் இதே கருத்தின்மேல் 1943இல் எழுந்ததுதான். அதற்கு ‘100 சாயல்’ என்று பெயர். எண்ணிப் பார்த்தால், வரிசைப்படுத்த வேண்டிய வண்ண வில்லைகள் 85தான் இருக்கும்.

பொருத்திப் பார்ப்பது வரிசைப்படுத்துவதைவிடவும் கூர்மையானது. இயற்பியலாளர் ரேலே 1881இல் சிவப்பு ஒளியையும் பச்சை ஒளியையும் கலந்து ஒரு மஞ்சளுக்கு ஈடாக்கும்படி பலரைக் கேட்டார். பெரும்பாலோர் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் கலந்தார்கள். அவருடைய மைத்துனர்கள் கலந்த விகிதமோ வெகுவாக மாறியிருந்தது. அவர்கள் நிறம் தெரியாதவர்கள் அல்லர். அன்றாட வாழ்க்கையில் யாரும் குறை கண்டதுமில்லை. ஆனால் அவர்களுக்கு மஞ்சளாகத் தெரிந்த கலவை மற்றவர்களுக்கு மஞ்சளாகத் தெரியவில்லை. மொழியால் ஒருநாளும் வெளிவந்திருக்காத வேறுபாட்டை ஒளிகளின் ஒரு கலவை வெளியே கொண்டுவந்தது.

வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 0.5 விழுக்காட்டினருக்கும் சிவப்பு-பச்சைப் பார்வை மாறுபட்டிருக்கிறது. பிற மக்களிடையே இந்த விகிதம் பெரும்பாலும் குறைவு. தொடர்புடைய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால்தான் ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

எல்லா முரண்பாட்டையும் கண்ணின் தலையில் கட்டிவிட முடியாது. 2015 பிப்ரவரியில் ஓர் ஆடையின் ஒளிப்படம் நீலமும் கறுப்புமா, வெள்ளையும் பொன்னிறமுமா என்று உலகமே இரு கட்சியாகப் பிரிந்தது நினைவிருக்கலாம். அங்கே ஒரே படம் ஒரே திரையில் அருகருகே நின்ற இருவருக்கு வேறாகத் தெரிந்தது. படத்தில் விழுந்த வெளிச்சம் எத்தகையது என்று மூளை தானாக ஊகித்து, அதைக் கழித்துவிட்டு மீதியையே நிறமாகக் காட்டுகிறது. ஊகம் மாறினால் நிறமும் மாறும். இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கறுப்பு அட்டையில் சிறு துளையிட்டு, சுற்றுப்புறம் தெரியாமல் அந்த நிறத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். துளை வழியே இருவரின் விடையும் நெருங்கிவந்தால், வேறுபாடு கண்ணில் இல்லை, ஊகத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

நாவும் மூக்கும்

1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வகத்தில் ஒரு பொடியைப் புட்டியில் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. அருகில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு எதுவும் தெரியவில்லை. பொடிக்கு இன்னும் நெருக்கமாக இருந்தவர் தாம்தானே என்று அவர் வாதிட்டிருக்கிறார். பிறகு இருவரும் நாவில் வைத்தே பார்த்தார்கள், விடை மாறவில்லை. ஃபினைல்தயோகார்பமைடு என்ற அந்தப் பொருளின் கசப்பு தெரிவதும் தெரியாததும் பெரும்பாலும் டிஏஎஸ்2ஆர்38 என்ற மரபணுவைப் பொறுத்தது என்று 2003இல் கண்டறிந்தார்கள். அது நச்சுத்தன்மை உள்ளது. வாங்கி நாவில் வைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

வீட்டில் சர்க்கரை போதும். 1 லிட்டர் நீரில் 1 தேக்கரண்டி சர்க்கரை கலந்தால், இனிப்பு தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் எல்லையை நெருங்கிவிடுவீர்கள். ஒரே மாதிரியான மூன்று டம்ளர்களில் இரண்டில் வெறும் நீரும் ஒன்றில் இந்தக் கரைசலும் ஊற்றி, அடியில் குறியிட்டு, மற்றவற்றிலிருந்து வேறான டம்ளர் எது என்று மட்டும் கேளுங்கள். இனிக்கிறதா என்று கேட்கக் கூடாது. கேட்டால் மனம் இனிப்பைத் தேடி எடுத்துவிடும். எந்த டம்ளரில் எது என்று தெரிந்தவர் பரிமாறவும் கூடாது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே மூன்றாவது ஆள் ஒருவர் ஊற்றிவைத்துவிட்டு விலகிவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

வெறும் ஊகத்தாலேயே மூன்றில் ஒரு முறை சரியாக அமைந்துவிடும் என்பதால் ஒரு சுற்றை வைத்து எதையும் சொல்ல முடியாது. பன்னிரண்டு சுற்றில் எட்டு அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் அது ஊகத்தால் நிகழ ஏறத்தாழ 2 விழுக்காடு வாய்ப்பே உண்டு. அவருக்கு உண்மையிலேயே தெரிகிறது என்று கொள்ளலாம். அதன் பின் சர்க்கரையைப் பாதியாக்கி மீண்டும் தொடங்குங்கள். ஒருவர் நின்றுவிட்ட இடத்தில் இன்னொருவர் தடையின்றிக் கடந்து போவதைப் பார்ப்பதே இதிலுள்ள சுவை.

மூக்கைப் பொறுத்தவரை மனிதருக்கு மனிதர் வேறுபாடு மிகப் பெரியது. மூன்று வகைக் கூம்புச் செல்களைக் கொண்டு நிறத்தைப் பார்க்கும் நாம், மணத்தை ஏறத்தாழ 400 வகை ஏற்பிகளால் அறிகிறோம். அவற்றுள் எவை ஒழுங்காக வேலை செய்கின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆண்ட்ரோஸ்டினோன் என்ற பொருள் சிலருக்குச் சிறுநீர் வாடை, சிலருக்கு இனிய மணம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. இந்த வேறுபாட்டில் ஒரு பங்கு ஓஆர்7டி4 என்ற ஒரே ஏற்பியின் மரபணுவால் வருகிறது என்று 2007இல் காட்டினார்கள்.

மணத்தைச் சோதிக்கும்போது சொற்கள் இன்னும் கூடுதலாக ஏமாற்றும். நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. இன்று கெட்ட வாடைக்கு மட்டும் என்றாகிவிட்டது. பொதுவாகவே மூக்கைப் பற்றிய நம் சொற்கள் வருணிப்பதற்கு முன் தீர்ப்பு வழங்கிவிடுகின்றன. எனவே இங்கும் மூன்று மூடிய குப்பிகளை வைத்து வேறானது எது என்றே கேளுங்கள். ஓரிரு நிமிடத்தில் மூக்கு பழகிப்போய் மணம் மங்கிவிடும். சுற்றுக்குச் சுற்று இடைவெளி விட்டால் மூக்கு மீளும். சளி பிடித்தவரைச் சோதிப்பதில் பொருளில்லை.

எவ்வளவு என்று கேட்பதன் சிக்கல்

‘பத்துக்கு எத்தனை வலி?’ என்று கேட்பது எங்கும் வழக்கமாகிவிட்டது. ஒருவருக்குக் காலப்போக்கில் வலி கூடியதா குறைந்ததா என்று அறிய அது உதவும். இருவரை ஒப்பிட உதவாது. உங்கள் பத்தும் என் பத்தும் ஒரே உயரம் என்பதற்கு என்ன உறுதி? சுவை ஆராய்ச்சியாளர் லிண்டா பார்ட்டோஷக் இதற்கு ஒரு வழி காட்டினார்: ஒரு புலனின் அளவைத் தொடர்பில்லாத இன்னொரு புலனோடு பொருத்தச் சொல்வது. இந்தக் கசப்பின் வலிமைக்கு ஈடாகத் தோன்றும்வரை ஒலியின் சத்தத்தைக் கூட்டு என்றால், ஒருவர் மெல்லிய பேச்சொலி அளவில் நிறுத்துவார்; இன்னொருவர் காதைப் பொத்தும் அளவுக்குப் போய்விடுவார். இருவர் செவியும் சுமாராக ஒத்திருந்தால், வேறுபாடு நாவில் இருப்பது புலப்படும்.

வலியின் வகையைச் சொல்ல மட்டும் எண்களை நாட வேண்டியதில்லை. தமிழில் அதற்குச் சொற்கள் கொட்டிக்கிடக்கின்றன. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இசிவு, சுரீரென்று பாய்வது, விண்விண்ணென்று தெறிப்பது என ஒவ்வொன்றும் வேறு. மருத்துவரிடம் ‘ஏழு’ என்பதோடு இவற்றில் ஒன்றையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

தொடுகைக்கு ஒரு ஜெம் கிளிப்பை யு வடிவில் வளைத்து, இரு முனைகளையும் ஒரே நேரத்தில் மெல்ல வையுங்கள்; கண்ணை மூடியிருப்பவர் ஒன்றா இரண்டா என்று சொல்லட்டும். நடுநடுவே ஒரு முனையை மட்டும் வைத்து ஏமாற்றுவது அவசியம். விரல் நுனியில் 2 அல்லது 3 மி.மீ. இடைவெளியே இரண்டாகத் தெரியும். முன்கையில் 3, 4 செ.மீ. ஆனாலும் ஒன்றாகவே தோன்றக்கூடும். விரல் நுனி சிறியதாக இருப்பவர்களுக்கு நுட்பம் கூடுதல் என்று 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது.

செவியில் வயதே பெரும் பிரிவினை. இளமையில் 20,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும் உச்ச எல்லை ஆண்டுக்கு ஆண்டு கீழிறங்குகிறது. ஒலி எழுப்பும் செயலியால் சோதிக்கும்போது, கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். உங்களுக்குக் கேட்காத அதே ஒலி பக்கத்திலுள்ள குழந்தையின் காதைத் துளைத்துக்கொண்டிருக்கும்.

உள்ளே தோன்றுபவை

‘மனக்கண்’ என்பது உங்களுக்கு உவமையா, உண்மையா? கண்ணை மூடி, நன்கு தெரிந்த ஒருவரின் முகத்தை நினைக்கச் சொன்னால் சிலருக்கு அது ஒளிப்படம்போல எழும். சிலருக்கு எதுவுமே எழாது, அந்த முகத்தைப் பற்றிய செய்திகள் மட்டும் நினைவில் இருக்கும். ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1880இல் இதைப் பலரிடம் கேட்டபோது, அறிவியலாளர்கள் பலர் அப்படி ஒன்று இருப்பதாகவே நம்பவில்லை. 2015இல் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமன் இந்நிலைக்கு அஃபான்டேசியா என்று பெயரிட்டார். வாய்ச்சொல்லைத் தவிர இதற்குச் சான்று இல்லை என்றிருந்த நிலையும் மாறியது: பிரகாசமான ஒன்றைக் கற்பனை செய்யும்போது பெரும்பாலோரின் கண்மணி சுருங்குகிறது, மனக்காட்சி இல்லாதவர்களிடம் அவ்வாறு சுருங்குவதில்லை என்று 2022இல் வெளியான ஆய்வு கண்டது.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று எஞ்சும். நான் ஊதா மலரில் காண்பதை நீங்கள் சாமந்தியில் கண்டு, இருவரும் பெயர்களை மட்டும் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன என்று தத்துவஞானி ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டிலேயே கேட்டார். ஒப்பீடுகள் எல்லாம் ஒத்துப்போகும் அளவுக்குக் கச்சிதமான இடமாற்றத்தை எந்தச் சோதனையும் பிடிக்காது. ஆனால் அத்தகைய கச்சிதம் எளிதன்று என்பதே என் கருத்து. மஞ்சள் மிகச் செறிவாக இருக்கும்போதும் வெளிறிய ஒளியோடு இருக்கிறது, ஊதா செறிவானால் இருண்டுவிடுகிறது. மஞ்சளை இருட்டாக்கினால் பழுப்பாகிறது, ஊதா அப்படி வேறொரு பெயருக்கு மாறுவதில்லை. நிறங்களின் உறவு இப்படி ஒருச்சாய்வாக இருக்கையில், இடம் மாற்றி வைத்தால் எங்கேனும் ஓர் ஓரம் துருத்திக்கொண்டு நிற்கும், மேலே சொன்ன ஒப்பீடுகளில் ஏதேனும் ஒன்றில் அது மாட்டும்.

சோதனைகளில் வெளிப்படும் வேறுபாடுகள் பெரும்பாலும் பிறவியோடோ வயதோடோ வந்தவை, கவலைக்குரியவை அல்ல. திடீரென வந்தவை வேறு. ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு வெளுத்துத் தெரியத் தொடங்கினாலும், ஒரு காது ஓரிரு நாளில் மந்தமானாலும் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கடைசிச் சோதனைக்குப் பொறுமை வேண்டும். ஓர் எழுத்தைக் கண்டாலே அதோடு ஒரு நிறமும் மனத்தில் தோன்றுகிறவர்கள் நூற்றில் ஓரிருவர் இருக்கிறார்கள். உங்கள் நண்பரிடம் உயிரெழுத்து பன்னிரண்டையும் மெய்யெழுத்து பதினெட்டையும் கலைத்துக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தோன்றும் நிறத்தை வண்ணப் பென்சிலால் தீட்டச் சொல்லுங்கள். எவரும் ஏதோ ஒரு நிறத்தைத் தீட்டிவிடுவார்கள். அதனால் அன்றே எதுவும் தெரியாது. தாளை உறையிலிட்டு எடுத்துவைத்துவிட்டு, மீண்டும் கேட்கப்போவதாகச் சொல்லாமல் ஆறு மாதம் கழித்து இன்னொரு தாளை நீட்டுங்கள். எழுத்துக்கு நிறம் தெரியாதவர் இரண்டாம் முறை வேறு நிறங்களைத் தீட்டியிருப்பார். தெரிகிறவரோ ‘ழ’வுக்கு அன்று தீட்டிய அதே மங்கிய செம்பழுப்பை, பென்சில் பெட்டியில் அது இல்லையென்றால் இரண்டைக் கலந்தாவது, தீட்டிவிட்டு, இதைப் போய் எதற்கு இரண்டு தடவை கேட்கிறாய் என்பதுபோல் உங்களைப் பார்ப்பார்.